மஞ்சள் புள்ளி வைத்தவர்

எங்கள் ஸ்டாஃப் வான் வண்டியில் ஏறியதும் அவர் செய்யும் முதல் வேலை, பக்கத்தில் இருப்பவரின் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பது. வாயால் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கை நீளும், தோளுக்கு மேலே பட்டியைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டும், திரும்பிவிடும். முதல் நாள் என்னுடையதை அப்படி இழுத்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"கேட்டால் சொல்ல மாட்டனா?" என்றேன்.

"சொல்லுவீங்க மிஸ். எல்லாரும் சொல்லுவாங்க" என்றார்.

அவர் கொட்டாஞ்சேனை, நான் வெள்ளவத்தை. ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றங்களுக்கு நடுவே இருந்த ஒரு வாகன முகவர் நிறுவனத்தில் இரண்டு பேருக்கும் வேலை. நான் முன்பக்கம், குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் இருந்து வாடிக்கையாளர் சொல்லும் குறைகளை ஜொப் காட் என்ற வேலை அட்டையில் எழுதுகிறவள். புது வாகனங்களைக் கையளிக்கும் பொறுப்பும் என் தலையில்தான். அவர் பின்பக்கம், ரோட் டெஸ்டர். ஒரு வாகனத்தை ஓட்டிப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் சாவி வெளியே போகும். அந்தக் கையெழுத்தை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். நாலு மணிக்கு வாகனம் தருவதாக நான் சொல்லியிருப்பேன். ஐந்தரைக்கும் அவர் எங்கோ பேஸ்லைன் வீதியில் ஓட்டிக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் என்னைத்தான் ஏசுவார்.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். சேர்ட்டின் மேல் பொத்தான் வரைக்கும் பூட்டியிருப்பார். சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை வெளுத்துப்போயிருக்கும். யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வருவது ஒரே கேள்விதான்.

"கையால பாத்தீங்களா, கண்ணால பாத்தீங்களா?"

வீல் நட் இறுக்கியாச்சு அய்யே என்று ஒரு டெக்னீஷியன் சொல்வான்; சிங்களத்தில் அய்யே என்றால் அண்ணன். இவர் இந்தக் கேள்வியைக் கேட்பார். அவன் முகத்தைச் சுளிப்பான். இவர் தானே ஸ்பானரை எடுத்துப் போய் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். பத்தில் ஒன்பது தரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பையன்கள் சிரிப்பார்கள். அதற்காக அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. "சரியா இருந்தா சந்தோஷந்தானே" என்று ஸ்பானரைத் துடைத்து வைப்பார். அந்தப் பத்தாவது தரம் ஒன்றில், பாடசாலை வான் ஒன்றின் பிரேக் குழாய் கழன்று நிற்பதை விரலால் தடவிப் பிடித்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை, அது வேறு கதை.

காவலாளி கேட்டைப் பூட்டியதும் இவர் போய் ஆட்டிப் பார்ப்பார். கன்டீனில் உட்காரும் முன் கதிரையின் காலை அசைத்துப் பார்ப்பார். ஒரு நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் அன்று, அவர் வீட்டுக்குப் போனபோது மனைவி சொல்லிச் சிரித்தா: "கல்யாணத்தண்டு சுவாமி முன்னுக்கு வெச்சு என்ட விரல்ல மோதிரத்தப் போட்டுட்டு, கழருதா எண்டு இழுத்துப் பாத்த மனுசன் மிஸ் இது. கோயில் முழுக்கச் சிரிச்சுச்சு." அவரும் சிரித்தார். ஆனால் நான் இருந்த கதிரையை முதலிலேயே அசைத்துப் பார்த்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அந்த மனிதரில் எரிச்சலும் இருந்தது, பிரியமும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க அப்போது நான் மெனக்கெடவில்லை.

வாகன இறக்குமதித் தடை நீங்கிய முதல் மாதங்கள் அவை. பல வருடமாகப் பழையதையே திருத்திக்கொண்டிருந்த எங்கள் கராஜுக்குப் புது வாகனங்கள் கப்பலில் வந்து இறங்கின. அவற்றில் நாலு சக்கரமும் இழுக்கும் உயரமான வண்டி ஒன்று எல்லோர் கண்ணையும் பறித்தது. கொழும்பில் அந்த உயரத்தில் எது வந்தாலும் ஜீப்தான். நாங்களும் அப்படியே சொன்னோம். தயாரித்த கம்பனி ஒரு தாள் அனுப்பியிருந்தது. கையளிக்கும் முன் வண்டியின் முன்பக்கத்தில் பதினொரு போல்ட்டுகளை மறுபடி அளவாக இறுக்க வேண்டும். இறுக்கிய ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பெயின்ட் பேனையால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

அந்தப் பதினொன்றையும் அவர் வேறு எவரிடமும் கொடுக்கவில்லை. தானே செய்தார்.

முதல் ஜீப்பை வாங்கியவர் வெள்ளவத்தையிலிருக்கும் ஒரு டொக்டர். நாற்பது வயதுப் பெண், தனியாள், அம்மாவோடு இருந்தா. மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறு கினிகத்தேனைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இலவச கிளினிக் நடத்தினா. மலைப்பாதைக்கென்றே இந்த வண்டி. பின்னேரம் இரண்டு மணிக்குக் கையளிப்பதாக எழுதியிருந்தேன். காலை ஒன்பதுக்கு டொக்டரின் அம்மா என்னை அழைத்தா. ஐயர் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னாராம், பின்னேரம் சரியில்லை, பதினொன்று பத்துக்கு முன் சாவி கைக்கு வர வேண்டும். சுபநேரம் கேட்காத வாடிக்கையாளர் எங்கள் கண்ணாடி அறைக்கு அபூர்வம். சிங்களவர்களும் கேட்பார்கள், நாங்களும் கேட்போம். "ஓம் அம்மா, பிரச்சினையில்லை" என்று நான் சொல்லிவிட்டேன்.

அன்று காலை நான் மூன்று தரம் பின்பக்கம் போனேன். முதல் தரம் சொன்னேன். இரண்டாம் தரம் கெஞ்சினேன். மூன்றாம் தரம் பத்து ஐம்பத்தைந்து. டொக்டரின் அம்மா சக்கரத்தின் கீழ் வைக்கத் தேசிக்காயும் உடைக்கத் தேங்காயும் கொண்டு முற்றத்தில் நின்றா. அவர் ஜீப்புக்குக் கீழே இருந்தார், கால் மட்டும் தெரிந்தது.

"அண்ணே, எழும்புங்கோ! அவ அழுதிடுவா போல கிடக்கு. இனி ஒரு நிமிசமும் ஏலாது!" என்று கத்தினேன்.

கால்கள் அசையாமல் கொஞ்சம் நின்றன. பிறகு வெளியே வந்தார், கையைத் துடைத்தார், ஜீப்பை முற்றத்துக்கு ஓட்டி வந்தார். நாலு தேசிக்காயும் சக்கரத்தின் கீழ் நசுங்கின. பதினொன்று ஏழுக்குச் சாவி கொடுத்தோம். நான் படம் எடுத்தேன்.

மூன்று வாரத்தில் டொக்டர் திரும்பி வந்தா.

"கையைத் திருப்பினால் வண்டி கொஞ்சம் யோசிச்சுத்தான் திரும்புது" என்றா. "எப்பவும் இல்லை. பள்ளம் மேடு விழுந்து எழும்பினாப் பிறகு, இறக்கத்தில."

கணினியை மாட்டிப் பார்த்தார்கள். ஒரு பிழையும் காட்டவில்லை. அன்று எங்கள் மனிதர் லீவு. இன்னொரு டெஸ்டர் நல்ல வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாம் தரம் டொக்டர் வந்தபோது எங்கள் மனிதரே ஓட்டினார். திரும்பி வந்து இறங்கியதும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கதவடியில் நின்றார்.

"ஏதோ ஒண்டு இருக்கு மிஸ். பிடிபடுதில்ல."

ஜீப்பை உயர்த்தினார்கள். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார், சஸ்பென்ஷனைத் தட்டினார், ஒவ்வொன்றாகக் கையால் பார்த்துக்கொண்டே போனார். ஒரு டெக்னீஷியன் டோர்ச்சை மேலே அடித்து, "ஸ்டியரிங் ஷாஃப்ட் பூட்டுற இடத்தையும் பாக்கவா அய்யே?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"மஞ்சள் இருக்குதானே?"

"இருக்கு."

"அப்ப வேணாம். அது நான் செஞ்சது."

நான் ஜொப் காட்டோடு பக்கத்தில் நின்றேன். என் காதால் கேட்டேன். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வருமென்று நான் நினைத்ததேயில்லை. ஆனால் எனக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அந்த மனிதர் செய்த ஒன்றை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அன்று அவர் கையெழுத்துப் போடவில்லை. ஒன்றும் பிடிபடாவிட்டாலும் போட மாட்டேன் என்றார். முகாமையாளர் காட்டை வாங்கி, "மொகுத் நே, மிஸ். ஒண்டும் இல்ல. க்ளோஸ் பண்ணுங்க" என்று தானே கையெழுத்துப் போட்டார். புதுசாக வந்த மொடல். முதல் வண்டியே முறைப்பாடு என்று வெளியே கதை போகக்கூடாது. நான் இரண்டாம் தரமும் அதே வரியை எழுதினேன். டொக்டர் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா.

"அப்ப எனக்குத்தான் விசர் எண்டு எழுதித் தந்திருக்கிறீங்கள்."

மூன்றாம் தரம் ஒரு வெள்ளிக்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல் வந்தா. முந்திய ஞாயிறு, கினிகத்தேனை இறக்கத்தில் ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகப் போயிருக்கிறது. ஓரக்கல்லில் சக்கரம் இடித்து நின்றதாம். பின்னால் இரண்டு மருத்துவ மாணவிகள் இருந்திருக்கிறார்கள். சொல்லிக்கொண்டே சாவியை என் மேசையில் வைத்தா.

"வாற ஞாயிறும் கிளினிக். நூறு சனம் வந்து காத்திருக்கும். நீங்கள் ஒருக்கா என்னோட ஏறுங்கோ. நீங்கள்தானே ரெண்டு தரமும் எழுதினீங்கள்."

பின்பக்கம் போய் அவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து கேட்டுவிட்டு, "டொக்டர் ஓட்டுங்க. உங்கட கைக்குத்தானே அது வருது. மெதுவா, பள்ளம் உள்ள ரோட்டால" என்றார். அவர் முன்னால் இடப்பக்கம், நான் பின்னால். புறப்படும் முன் திரும்பி என் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். அன்று எனக்குக் கோபம் வரவில்லை.

கொலன்னாவைப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகளின் மதிலோரமாகப் போனோம். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. எனக்குள் ஒரு அற்பச் சந்தோஷம் வந்தது, பார்த்தீர்களா ஒன்றுமில்லை என்று. தண்டவாளம் குறுக்கே போகும் இடத்தில் ஜீப் இரண்டு தரம் தூக்கிப் போட்டது. அடுத்து இடப்பக்க வளைவு. எதிரே ஒரு பெற்றோல் பவுசர், பெரிய தாங்கி லொறி, வந்தது. டொக்டர் ஸ்டியரிங்கைத் திருப்பினா. ஸ்டியரிங் திரும்பியது. ஜீப் திரும்பவில்லை.

"பிரேக்!" என்று அவர் கத்தியதும், அவருடைய வலது கை பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து இன்னும் ஒரு வெட்டு வெட்டியதும் ஒன்றாக நடந்தன. உள்ளே எங்கோ 'டக்' என்று ஒன்று கடித்தது. ஜீப் இடப்பக்கம் சரிந்து புல்லில் ஏறி நின்றது. பவுசர் ஹோர்னை அழுத்தியபடி எங்களை உரசுவதுபோல் போனது. அதன் சக்கரம் என் ஜன்னலளவு உயரமிருந்தது.

"இதைத்தான் சொன்னனான்" என்றா டொக்டர். பிறகு அழுதா.

அவர் இறங்கி பொனட்டைத் திறந்தார். வெளிச்சம் எதுவும் கேட்கவில்லை. கையை உள்ளே விட்டார், தோள்மூட்டு வரைக்கும் போனது. இன்ஜின் சூடு சுட்டிருக்க வேண்டும். விரல்கள் எதையோ தேடிப் போய் ஒரு இடத்தில் நின்றன. அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் இறங்கிப் போனது.

"மிஸ், போன் லைட்ட அடிங்க."

அடித்தேன். ஸ்டியரிங் ஷாஃப்ட்டைக் கீழே பூட்டுகிற இடத்தில் ஒரு போல்ட். தலையில் பளிச்சென்று மஞ்சள் புள்ளி. அவர் இரண்டு விரலால் அதைப் பிடித்துத் திருப்பினார். போத்தல் மூடி கழருவதுபோல் திரும்பியது.

கையை எடுத்து, டொக்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

"டொக்டர், இது என்ட பிழை. பத்து போல்ட்ட இறுக்கிட்டுப் புள்ளி வெச்சன். பதினோராவதுக்கு நீளமான சொக்கெட் வேணும், அது பக்கத்து வண்டி நிக்கிற இடத்தில இருந்திச்சு. பேனை கையில இருந்ததால முதல்ல புள்ளிய வெச்சுட்டன், பிறகு போய் எடுத்துட்டு வந்து இறுக்குவம் எண்டு. இறுக்கல்ல. போன தரமும் அந்த மஞ்சளப் பாத்துட்டுத்தான் விட்டன்."

டொக்டர் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "ரெண்டு பிள்ளையளை ஏத்திக்கொண்டு போனனான்" என்றா. "அதுகளின்ர தாய்மாருக்கு நான் என்ன சொல்லியிருப்பன்?"

"ஓம் டொக்டர்."

"இனி இதை எப்பிடி நான் நம்பி ஓட்டுறது?"

அவர் பொனட்டை இறக்கி மூடினார். "சரியாக்கித் தாறன். ஞாயித்துக்கிழம நானும் வாறன். முன்னுக்கு இருக்கிறன்" என்றார்.

நான் மூன்று தரம் வந்து அவசரப்படுத்தியதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எண்ணெய்த் தாங்கி மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜீப்பை ஓட்டிப் போக அவர் விடவில்லை, இழுவை லொறி வந்து ஏற்றிப் போனது. முன்பக்கம் முழுவதையும் கழற்றி மறுபடி பூட்டினார். ஞாயிறு விடிய வெள்ளவத்தைக்குப் போய் டொக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கினிகத்தேனை வரைக்கும் போனார். பூசைக்குப் போகாத ஞாயிறு அவருக்கு அது ஒன்றாகத்தான் இருக்கும். டொக்டர் பிறகு எனக்குச் சொன்னா. ஒவ்வொரு வளைவிலும் அவருடைய கை மட்டும் மடியிலிருந்து அரை அங்குலம் எழும்பி எழும்பி இறங்கியதாம். கிளினிக் முடியும்வரை வெயிலில் நின்று, திரும்பும்போதும் கூடவே வந்து கொழும்பில் இறங்கியிருக்கிறார். "கோபம்தான், ஆனால் இனி வேற ஆரும் என்ர வண்டியைத் தொடக்கூடாது" என்று டொக்டர் சொன்னா.

திங்கட்கிழமை முகாமையாளர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதரல்ல. ஜொப் காட்டில் 'மேலதிக சரிபார்ப்பின்போது இறுக்கப்பட்டது' என்று எழுதினால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்றார். ஆனால் காட் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. வெள்ளிக்கிழமையே இவர் தன் சின்ன எழுத்தில், இறுக்காமல் புள்ளி வைத்தது தான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். முகாமையாளர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"நீ பதினைந்து வருடம் இப்படி ஒன்றும் செய்யவில்லையே" என்றார் சிங்களத்தில். பிறகு கையளிப்புக் கோப்பைத் திறந்தார். "இரண்டு மணி என்று போட்டிருக்கிறது. வண்டி போனது பதினொன்று ஏழு. உன்னை யாராவது அவசரப்படுத்தினார்களா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தை அவர் எனக்காகத்தான் விட்டார் என்பது எனக்கு அப்போதே விளங்கியது. நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரு வரிதான். நான்தான் சேர், மூன்று தரம் போய் அவசரப்படுத்தினேன். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு எழுதியிருந்தார்கள். வாய் திறக்கவில்லை. என் கோழைத்தனத்துக்கு இன்றைக்கு வரைக்கும் வேறு பெயர் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

"இல்ல சேர்" என்றார் அவர். "நான்தான்."

முகாமையாளர் பெருமூச்சு விட்டு ஒரு கடிதத்தை முன்னால் தள்ளினார். இனி அவர் எந்த வாகனத்தையும் ஓட்டிப் பார்க்க முடியாது, கையெழுத்துப் போட முடியாது, களஞ்சியத்துக்கு மாற்றம். வாசித்தார். அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டுப் போனதும், கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருப்பதும் பிறகு நான் தெரிந்துகொண்டவை. அன்று அவர் கடிதத்தை மேசையில் நேராக வைத்துவிட்டு சேர்ட் பொக்கெட்டைத் தடவினார். பேனை இருக்கவில்லை. என்னிடம் திரும்பிக் கையை நீட்டினார்.

என்னுடையதைக் கொடுத்தேன்.